வசந்தம் மீண்ட வைகாசி: திருவரங்கத்து இளவேனில் திருநாள்களின் வரலாறு

ஆறு ருதுக்களுள் வசந்தம் சித்திரை, வைகாசி என்னும் இரு திங்கள்களுக்கு உரியது. வேதம் இவ்விரண்டையும் மது, மாதவம் என்னும் பெயர்களால் வழங்கும். தமிழ் மரபு இளவேனில் என்னும். ஸ்ரீகீதையின் பத்தாம் அத்தியாயத்தில் கண்ணன் தன் விபூதியை விரித்துரைக்கும்போது, ஒரே சுலோகத்தில் மாதங்களுள் மார்கழியாகவும் ருதுக்களுள் வசந்தமாகவும் தன்னைச் சொல்லிக்கொள்கிறான். பனி நிறைந்த மாதத்தையும் பூ நிறைந்த பருவத்தையும் அடுத்தடுத்து வைத்த அவ்வைப்பு கருதத்தக்கது.

வசந்தம் வந்தால் தளர்ந்த நெஞ்சு தளிர்க்கும் என்பது உலகோர் கொள்கை. பூர்வாசாரியர்களின் வியாக்கியானங்களைப் பயில்வார்க்கு இக்கொள்கை அப்படியே பொருந்தாமை விரைவில் புலப்படும். அங்கே வசந்தம் முதலில் ஆறுதலாக வருவதில்லை. பெரும்பாலும் நலிவாகவே வருகிறது. எம்பெருமானோடு கூடியிருப்பார்க்கு அது திருநாள். பிரிந்திருப்பார்க்கு அது நெருப்பு. அவன் உள்ள இடத்தில் வசந்தம் உண்டு என்பதே அவர்களுடைய திருவுள்ளம்.

இது காவிய நயம் மாத்திரமன்று. 1323 முதல் 1383 வரையிலான அறுபது ஆண்டுகளில் திருவரங்கத்தார் இதனை வாழ்ந்தே அறிந்தனர். வியாக்கியானம் கூறும் பொருளும் பெரிய கோயிலின் வரலாறும் இங்கே ஒன்றையொன்று விளக்குவதை முறையாகக் காண்பது இக்கட்டுரையின் நோக்கம்.

வாடிய மரங்களும் தளிர்த்த மரங்களும்

ஸ்ரீராமாயணத்தில் வசந்தம் மூன்று இடங்களில் கதையின் போக்கைத் தாங்கி நிற்கிறது. முதலாவது, அயோத்யா காண்டத்தின் தொடக்கம். மூத்த குமாரருக்கு முடிசூட்டச் சக்கரவர்த்தி தேர்ந்த காலம் சித்திரைத் திங்கள்; காடெல்லாம் பூத்திருக்கும் புண்ணிய மாதம் என்பது அவன் சொன்ன காரணம். பூச நாளில் முடி சூடவேண்டியவர் அந்தப் பூத்த காட்டுக்கே எழுந்தருள நேர்ந்தது. பெருமாளைக் கங்கைக்கரையில் விட்டு வெறுந்தேரோடு மீண்ட சுமந்திரன், நாட்டின் நிலையைச் சக்கரவர்த்திக்கு உரைக்கையில், மரங்களும் பூவோடும் தளிரோடும் மொட்டோடும் வாடிப்போயின என்கிறான். பூர்வாசாரியர்கள் பல இடங்களில் எடுத்தாளும் பிரமாணம் இது. உதிர்காலத்தில் மரம் வாடினால் அது ருதுவின் இயல்பு. பூக்கவேண்டிய மாதத்தில், பூத்த நிலையிலேயே வாடிற்று என்பதே இங்குப் பொருள். ஸ்தாவரங்களுக்கும் பிரிவாற்றாமை உண்டென்று காட்ட முனிவர் கொண்ட இடம் இது.

இரண்டாவது, கிஷ்கிந்தா காண்டத்தின் முதல் ஸர்க்கம். பிராட்டியைப் பிரிந்த பெருமாள் பம்பைக்கரையில் நிற்கிறார். மரங்கள் பூமாரி பொழிகின்றன, வண்டுகள் பாடுகின்றன, மயில்கள் பேடையோடு ஆடுகின்றன. ஒவ்வொன்றும் அவருக்குத் துயர் பெருக்குகிறது. பிராட்டி இருக்கும் இடத்திலும் இந்த வசந்தம் வந்திருக்குமாகில் அவள் என்ன பாடுபடுவாளோ என்று கலங்குகிறார். அவள் இருக்கும் தேசத்தை வசந்தம் தீண்டியிராது என்றும் எண்ணிப் பார்க்கிறார். தமக்கு உற்ற நோவினும் அவளுக்கு உறக்கூடிய நோவே அவரை வாட்டுகிறது. இந்த நிலையில் அவரைத் தேற்றியது பம்பையின் குளிர்ந்த நீரோ மலர்ந்த சோலையோ அன்று. இளைய பெருமாள் சொன்ன வார்த்தை தேற்றிற்று. ஊக்கத்தைக் காட்டிலும் வலியது வேறில்லை, ஊக்கமுடையார்க்கு உலகில் அரியது ஒன்றுமில்லை என்னும் பொருள்பட அவர் விண்ணப்பம் செய்தபின் பெருமாள் சோகம் நீங்கி மேலே நடக்கிறார். ருசியமூகமும், சுக்கிரீவ மஹாராஜரும், திருவடியும் அதற்குப் பின்னரே. வசந்தம் துயரைத் தந்தது. உடனிருந்த அடியவனின் சொல் நம்பிக்கையைத் தந்தது.

மூன்றாவது, யுத்த காண்டத்தின் இறுதி. பதினான்கு ஆண்டுகள் நிறைந்த பஞ்சமியன்று பெருமாள் பரத்வாஜர் ஆசிரமத்தை அடைகிறார். சித்திரையில் தொடங்கிய வனவாசத்துக்கு ஆண்டு நிறைவதும் சித்திரையிலேயாம். முனிவர் வரம் அருள முன்வருகையில், அயோத்திக்குச் செல்லும் வழியெங்கும் மரங்கள் காலமல்லாக் காலத்திலும் பழுத்துத் தேன் சொரியவேண்டும் என்று பெருமாள் வேண்டுகிறார்; உடன்வரும் வானர முதலிகள் உண்பதற்காக. அவ்வாறே மூன்று யோசனை அளவும் காயாதவை காய்த்தன, பூவாதவை பூத்தன, உலர்ந்த மரங்கள் இலை நிறைந்தன. சுமந்திரன் சொன்ன வாடிய மரங்களுக்கு மறுமொழி இது. புறப்பாட்டில் பூத்த மரம் வாடிற்று. மீட்சியில் பட்ட மரம் தளிர்த்தது. ருதுவின் கணக்கை மீறி நிகழ்ந்த இவ்விரண்டுக்கும் இடையே ஸ்ரீராமாயணத்தின் பெரும்பகுதி அடங்கிக் கிடக்கிறது.

குயிலும் காமன் நோன்பும்

ஆழ்வார்கள் பாசுரங்களிலும் இப்பொருளே வேறு வகையாக நடக்கிறது. திருவாய்மொழி ஒன்பதாம் பத்தின் ஐந்தாம் திருவாய்மொழியில், பராங்குச நாயகி தன்னைச் சூழ்ந்து கூவும் குயில் முதலான பறவைகளை நோக்கி முறையிடுகிறாள். சேவலும் பேடையுமாய் அவை கூடிக் கூவுவது, கூடப்பெறாத இவளுக்கு ஆற்றொணாததாகிறது. அவன் வடிவையும் சொல்லையும் நினைவூட்டும் பொருள்கள், அவனில்லாதபோது நலியும் பொருள்களாய் விடுகின்றன. இவற்றை ஸ்மாரக பதார்த்தங்கள் என்பர் வியாக்கியாதாக்கள். நினைவு இனியது என்னும் உலகவழக்கை இத்திருவாய்மொழி தலைகீழாக்குகிறது.

ஆண்டாள் இந்த இடத்தினின்றும் ஓரடி மேலே செல்கிறாள். மார்கழி நோன்பு முடிந்தும் அவன் வரக்காணாமையாலே, நாச்சியார் திருமொழியின் தொடக்கத்தில் தை மாதம் முழுதும் தரை விளக்கி மண்டலமிட்டு, மாசி முன்னாளில் வீதி அலங்கரித்துக் காமனைத் தொழுகிறாள். அடுத்த திருமொழியில் பங்குனியைக் காமன் வரவுக்கு உரிய காலமாகக் கொண்டு சிற்றில் இழைக்கிறாள். மார்கழி, தை, மாசி, பங்குனி எனப் பனியிலிருந்து வசந்தத்தின் வாசல் வரை அவளுடைய காத்திருப்பு மாதம் மாதமாக நடக்கிறது.

திருப்பாவையில் அவனுக்கே ஆட்செய்வோம் என்று உறுதிகொண்டவள் தேவதாந்தரமான காமன் காலில் விழலாமோ என்னும் கேள்வியை வியாக்கியானம் எழுப்பாமல் விடவில்லை. அயோத்தியில் இருந்தவர்கள் இராமன் நலம் பெறவேண்டும் என்பதற்காக எல்லாத் தேவதைகளையும் தொழுதார்கள் அன்றோ என்று ஸ்ரீராமாயணத்தைக் கொண்டே அதற்கு விடையிறுக்கிறது. விரைவு மிகுந்தபோது வழியின் தகுதி ஆராயப்படுவதில்லை. பயன் அவனேயானபடியால் அது குற்றமாவதில்லை என்பது கருத்து. ஐந்தாம் திருமொழியில், மற்றையோரை நலிந்த அதே குயிலை அவள் தூதாக்குகிறாள். அவன் வரும்படி கூவு என்கிறாள். நலிவதையே துணையாக்கிக்கொள்ளும் இத்துணிவைத்தான் ஆண்டாளின் வசந்தம் கற்பிக்கிறது.

உறுதியும் விரைவும்

அயோத்தியிலிருந்து அரங்கத்துக்கு வழி நெடிதன்று. இக்ஷ்வாகு குலத்தார் ஆராதித்துவந்த திருவரங்க விமானத்தைப் பெருமாள் விபீஷணாழ்வானுக்கு அருளினார் என்றும், அவன் இலங்கைக்குக் கொண்டுசெல்லும் வழியில் காவிரியின் நடுவே இறக்கிவைத்தபோது அது அங்கேயே நிலைபெற்றது என்றும் மாஹாத்மியம் கூறும். அதன்பின் நடந்த முதல் உத்ஸவமே பங்குனி ஆதிப்பிரம்மோத்ஸவம் என்பது மரபு. வியாக்கியான வழக்கில் சக்கரவர்த்தித் திருமகன் பெருமாள். அவரால் ஆராதிக்கப்பட்ட அரங்கத்தரவணையான் பெரிய பெருமாள். ஆகவே அயோத்தியின் பிரிவும் மீட்சியும் அரங்கத்தார்க்கு அயல்வீட்டுச் செய்தியாக இருந்ததில்லை.

1323இல் தில்லியிலிருந்து உலூக்கானின் படை தெற்கே வந்தது. உத்ஸவம் நடந்துகொண்டிருந்த வேளையில், அழகிய மணவாளப் பெருமாள் பன்றியாழ்வான் ஸந்நிதியில் எழுந்தருளியிருந்தபோது செய்தி எட்டிற்று என்று கோயிலொழுகு உரைக்கும். பெரிய பெருமாள் திருமுன்பு கல்திரையிட்டு மறைத்தனர். ஸ்ரீரங்கநாச்சியாரை வில்வ மரத்தடியில் எழுந்தருளப்பண்ணினர். உத்ஸவ மூர்த்தியோடு பிள்ளை லோகாசாரியர் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு தென்திசை நோக்கிச் சென்றார். எஞ்சியோர் பட்ட பாட்டைப் பன்னீராயிரவர் முடிதிருத்திய கலாபம் என்று மரபு நினைவில் வைத்திருக்கிறது. சுதர்சன ஸூரி தம் இரு குமாரர்களையும் சுருதப்பிரகாசிகை என்னும் பேருரையின் ஏட்டையும் வேதாந்த தேசிகன் கையில் ஒப்புவித்தார். தேசிகன் அவற்றைக் காத்து மேற்கே கன்னட தேசம் சேர்ந்தார்.

இவ்விரு ஆசாரியர்களும் பிரிந்து சென்ற வழிகள் வேறு. இருவர் நெஞ்சிலும் இருந்த பொருள் ஒன்று. பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் துவயத்தை விளக்கத் தொடங்குமுன், வைஷ்ணவனுக்கு வேண்டிய இயல்புகளை எண்ணிச் சொல்கிறார். அவற்றுள் இரண்டு அடுத்தடுத்து நிற்பவை. அடையவேண்டியது தப்பாமல் கிட்டும் என்று உறுதிகொண்டிருத்தல் ஒன்று. அது கிட்டுமளவும் பொறுத்திருக்க மாட்டாமல் விரைதல் மற்றொன்று. மேலோட்டமாகக் காண்பார்க்கு இவை முரண்பட்டவை. உறுதியுள்ளவன் ஏன் விரையவேண்டும்? விரைகிறவனுக்கு உறுதி எங்கே? இரண்டும் ஒரு நெஞ்சில் கூடியிருப்பதே இங்கு நம்பிக்கை எனப்படுகிறது. உறுதி மட்டும் இருந்தால் அது சோம்பலில் முடியும். விரைவு மட்டும் இருந்தால் அது கலக்கத்தில் முடியும். நந்திகிராமத்தில் பதினான்கு ஆண்டுகள் பாதுகைகளை முன்னிட்டு அரசு நடத்திய ஸ்ரீபரதாழ்வானிடம் உறுதி விளங்கிற்று. குறித்த நாளுக்கு மேல் ஒரு நாளும் தரியேன் என்று தீப்புகத் துணிந்ததில் விரைவு விளங்கிற்று.

இதனை எழுதியவர் தாமே அதற்கு இலக்கானார். பிள்ளை லோகாசாரியர் மதுரைக்கு அருகே ஜ்யோதிஷ்குடியில் திருநாட்டுக்கு எழுந்தருளினார். எம்பெருமானை அரங்கத்தில் மீளக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. கிட்டாது என்று எண்ணி அவர் பெருமாளை விட்டுச் செல்லவும் இல்லை. மறுபுறம் தேசிகன், சரணாகதியின் ஐந்து அங்கங்களுள் மஹாவிசுவாசத்தை ஓர் அங்கமாக வகுத்துரைத்தவர். அயல்நாட்டிலிருந்து அபீதிஸ்தவம் பாடி, திருவரங்கத்தில் அச்சமின்றி வாழும் வாழ்வை அரங்கனிடமே வேண்டினார். அச்சத்தின் நடுவிலிருந்து அச்சமின்மையின் பெயரால் ஒரு தோத்திரம் பிறந்தது. இரு மரபாரும் ஒருங்கே போற்றத்தக்க இடம் இது.

நாற்பத்தெட்டு ஆண்டுகள்

அழகிய மணவாளரின் வழி நீண்டது. திருமாலிருஞ்சோலையில் சிலகாலம், பின்னர் மலைநாட்டுக் கோழிக்கோடு, திருக்கணாம்பி, திருநாராயணபுரம், இறுதியாகத் திருவேங்கடமலை. ஒவ்வோரிடத்திலும் கிடைத்ததைக் கொண்டு திருவாராதனம் நடந்தது. திருமஞ்சனத்துக்கு நீரும் அமுதுபடிக்கு அரிசியும் தேடுவதே அந்நாளில் உத்ஸவமாக இருந்தது.

அரங்கத்திலோ நாற்பத்தெட்டு முறை சித்திரை வந்து போயிற்று. காவிரி நாட்டின் வசந்தம் வடநாட்டுக் காவியங்களில் வரும் வசந்தம் போன்றதன்று. சம்பா அறுவடை முடிந்து நெல் களஞ்சியம் சேர்ந்திருக்கும். ஆற்றில் மணல் தெரியும். வேம்பு பூக்கும், புங்கு தளிர்க்கும், மா காய் பிடிக்கும். வெயில் ஏறும் இப்பருவத்தில் எம்பெருமானுக்குப் பூவும் சந்தனமும் குளிர்நிழலும் ஸமர்ப்பிப்பதே இங்குத்தைய வசந்த வழிபாடு. பூத்த வேம்பும் தளிர்த்த புங்கும் அந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளிலும் தவறாமல் இருந்தன. பூவைக் கொண்டு சாத்தத் திருமேனி இல்லை. பூவோடு வாடிய அயோத்தி மரங்களைப் பற்றிய சுலோகத்துக்கு இதைவிடக் கண்கூடான வியாக்கியானம் வேண்டுவதில்லை.

மீட்சி விசயநகரத்தாரின் எழுச்சியோடு வந்தது. புக்கராயரின் குமாரர் கம்பண்ண உடையார் தென்னாட்டின்மீது படையெடுத்து மதுரையை வென்றார். அவருடைய தேவி கங்காதேவி இயற்றிய மதுராவிஜயம் அவ்வெற்றியைப் பாடும் வடமொழிக் காவியம். கம்பண்ணரின் கீழ்ச் செஞ்சியை ஆண்ட கோபணாரியர் திருமலையிலிருந்து பெருமாளைச் செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணி, அருகேயுள்ள சிங்கபுரத்துக் குன்றில் சிலகாலம் ஆராதித்துப் பின்னர்த் திருவரங்கம் கொண்டுசேர்த்தார். கோயிலொழுகு அந்நாளை வைகாசி 17 என்று குறிக்கிறது.

இம்மீட்சியைக் கூறும் வடமொழிச் சுலோகங்கள் திருவரங்கத்துச் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. குருபரம்பரை மரபு அவற்றைத் தேசிகனுடையனவாகப் போற்றும். அவற்றில் சகாப்தம் எண்ணாகச் சொல்லப்படாமல் பந்துப்ரிய என்னும் சொல்லால் சொல்லப்பட்டிருக்கிறது. கடபயாதி முறைப்படி ப மூன்று, த ஒன்பது, ர இரண்டு, ய ஒன்று. வலமிருந்து இடமாகக் கொள்ள 1293, அதாவது கி.பி. 1371. இங்கே த என்றது ந்து என்னும் கூட்டெழுத்தின் இறுதியிலுள்ள நான்காம் தகாரம். கூட்டெழுத்தில் இறுதி மெய்யே எண்ணாகும் என்பது அம்முறையின் விதி. அச்சொல்லின் நேர்ப்பொருள் உறவினர்க்கு இனியது என்பது. எண் மட்டும் வேண்டியிருந்தால் வேறு சொற்களும் கிடைத்திருக்கும். நெடுநாள் பிரிந்த உறவு வீடு திரும்பிய ஆண்டுக்கு இச்சொல்லைத் தேர்ந்தவரின் நெஞ்சு அதில் தெரிகிறது.

ஆயினும் மீட்சி நாளிலேயே ஒரு தயக்கமும் எழுந்தது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி பிரதிஷ்டை செய்யப்பட்டு ஆராதனம் நடந்துவந்தது. வந்தவர் பழைய அழகிய மணவாளர்தாமா என்று அறுதியிட்டுச் சொல்வார் அரியராயினர். நாற்பத்தெட்டு ஆண்டுகளில் கண்ணாரக் கண்டவர் பெரும்பாலும் மறைந்திருந்தனர். கண் தெரியாத முதிய ஈரங்கொல்லி ஒருவர் முன்வந்தார் என்று கோயிலொழுகு கூறும். திருமஞ்சனத்துக்குப்பின் ஈரவாடையைப் பிழிந்த தீர்த்தத்தை முற்காலத்தில் உட்கொண்டு வாழ்ந்தவர் அவர். இரு திருமேனிகளுக்கும் திருமஞ்சனம் செய்து, அவ்விரு தீர்த்தங்களையும் அவருக்கு அளித்தனர். கஸ்தூரியும் கற்பூரமும் கமழ்ந்த பழைய மணத்தைக் கண்டுகொண்டு, இவரே நம்பெருமாள் என்றார். அன்றுதொட்டு அதுவே திருநாமமாயிற்று. இடைக்காலத்தில் ஆராதிக்கப்பட்டவரும் விலக்கப்படவில்லை. திருவரங்கமாளிகையார் என்னும் திருநாமத்தோடு கோயிலிலேயே எழுந்தருளியிருக்கிறார்.

கல்வெட்டுச் சொல் உறவைக் குறித்தது; ஈரங்கொல்லியின் சொல்லும் நம் என்று உறவையே குறித்தது. அறிஞர் ஒருவரும் துணி வெளுப்பவர் ஒருவரும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றித் தனித்தனியே சொன்னவை ஒன்றாக இருந்தன. வசந்தம் அவருக்குக் கண்ணுக்குப் புலனாகும் பூவாக வரவில்லை. ஈரத்துணியின் மணமாக வந்தது.

விருப்பன் திருநாள்

வைகாசி 17இல் எல்லாம் முன்போல் ஆகிவிட்டதாகக் கருதுவது வரலாற்றுக்கு ஒவ்வாது. பெருமாள் எழுந்தருளினார், ஆனால் மண்டபங்கள் சிதைந்திருந்தன, ஸ்ரீபண்டாரம் வெறுமையாயிருந்தது, திருத்தேர் இல்லை. பெருந்திருநாள் நடத்தும் வலிமை கோயிலுக்கு உடனே வரவில்லை. கொடியேற்றித் தேரோட்டிச் சித்திரைப் பெருந்திருநாள் நடந்தது 1383இல். மீட்சிக்கும் தேருக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. பெருமாள் திரும்பிய ஆண்டில் பிறந்த குழந்தை தேர்வடம் தொடும் வயதை எய்தியிருக்கும். முற்காலத்துத் திருநாளைக் கண்டிருந்த ஒருவர் எழுபதை அணுகியிருப்பார்.

அத்திருநாளை ஏற்படுத்தியவர் விசயநகர அரசகுலத்து விருப்பண்ண உடையார். அதனால் அது விருப்பன் திருநாள் எனப் பெயர்பெற்று இன்றளவும் நடைபெறுகிறது. நம்பெருமாளின் திருநக்ஷத்திரமான ரேவதியில் திருத்தேர். அரசர் பெயரால் வழங்கினும், திருநாளைத் தாங்கியவர்கள் அரசர் மட்டுமல்லர். சித்திரைத் தேருக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து திரண்டு வரும் குடிமக்கள் தம் நிலத்தில் விளைந்த தானியங்களையும் கன்றுகாலிகளையும் காணிக்கையாகச் செலுத்தும் வழக்கம் இருந்துவருகிறது. பொருள்முட்டுற்ற பெரிய கோயிலை நிலைநிறுத்துவதற்காக அந்நாளில் தொடங்கியது இது என்பர். அறுவடை நெல் வீட்டில் உள்ள காலம் சித்திரை. தன் களஞ்சியத்தில் உள்ளதில் ஒரு மரக்கால் பெருமாளுக்கு என்று குடியானவன் அளந்தபோது, கோயிலின் வசந்தம் ஊராரின் வசந்தமும் ஆயிற்று.

இத்தேர் நாளில் நம்பெருமாள் சாத்திக்கொள்வது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் ஆண்டாள் சூடிக்களைந்த மாலை. கிளியும் வஸ்திரமும் உடன் வரும். தையில் தரை விளக்கி, பங்குனியில் சிற்றில் இழைத்து, குயிலைத் தூதனுப்பியவளின் மாலை சித்திரையில் அரங்கன் திருமார்பில் ஏறுகிறது. நாச்சியார் திருமொழியில் விடையின்றி நின்ற மாதக்கணக்கு இங்கே நிறைவுறுகிறது என்று கொள்வதில் தவறில்லை.

ஏனைய இளவேனில் வழிபாடுகளையும் இதனோடு சேர்த்துக் காணவேண்டும். பங்குனி உத்திரத்தில் நம்பெருமாளுக்கும் ஸ்ரீரங்கநாச்சியாருக்கும் ஊடல் நிகழ்ந்து, நம்மாழ்வார் ஸமாதானம் செய்துவைக்க, சேர்த்தி ஸேவை ஆகிறது. எம்பெருமானார் கத்யங்களை விண்ணப்பித்துச் சரணம் புகுந்தது இச்சேர்த்தியில்தான் என்பது ஸம்பிரதாயம். ஊடல் தீர்ந்து கூடியிருக்கும் வேளையே அடியவன் தன் குற்றங்களைச் சொல்லிக்கொள்ள ஏற்ற வேளை என்று அவர் திருவுள்ளம் பற்றினார். பின்னர்ப் பூச்சாற்று எனப்படும் கோடைத் திருநாள். வைகாசியில் வசந்தத் திருநாள். பூவும் சந்தனமும் மாலை வேளைப் புறப்பாடுமாக வெயிலின் கடுமை எம்பெருமானைத் தீண்டாதபடி பார்க்கும் பரிவே இவற்றின் உயிர்.

ஈடு கேட்ட வசந்தம்

பெருமாள் மீள்வதற்கு ஓராண்டு முன், 1370இல், மணவாள மாமுனிகள் திருவவதரித்தார். கலாபத்தைக் காணாத தலைமுறையின் ஆசாரியர் அவர். சிதறிக்கிடந்த வியாக்கியான ஏடுகளைத் தேடித் திரட்டிப் படியெடுத்துக் காத்தது அவர் செய்த பெருங்கைங்கரியம். நம்பிள்ளை அருளிச்செய்ய வடக்குத் திருவீதிப் பிள்ளை ஏடுபடுத்திய ஈடு முப்பத்தாறாயிரப்படியை, 1432 ஆவணி தொடங்கி 1433 ஆனி வரை, நம்பெருமாள் திருமுன்பே பெரிய திருமண்டபத்தில் அவர் விரித்துரைத்தார். அதைக் கேட்பதற்காகப் பெருமாள் தம் உத்ஸவங்களையெல்லாம் நிறுத்திவைத்தார் என்பது வரலாறு.

ஆகவே 1433இன் வசந்தத்தில் அரங்கத்தில் சித்திரைத் திருநாள் நடக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்குமுன் உத்ஸவம் நின்றது அச்சத்தால். இப்போது நின்றது அனுபவத்தால். முன்பு பெருமாள் இல்லாமையாலே திருநாள் இல்லை. இப்போது பெருமாள் ஓரிடத்தில் அமர்ந்து ஆழ்வார் பாசுரத்தின் பொருளைக் கேட்டருளினமையாலே திருநாள் வேறாக வேண்டாதாயிற்று. குயில் நலிந்த திருவாய்மொழியும், அதன் ஈடும், அதைக் கேட்கும் பெருமாளும் ஒரே மண்டபத்தில் கூடியிருந்தபோது வசந்தத்துக்குக் குறையென்ன? பிரிந்தவள் சொன்ன பாசுரத்தைப் பிரியப்பட்டவனே எதிரே இருந்து கேட்டான்.

இந்த வரலாற்றில் நம்பிக்கை எங்கும் ஒரே இரவில் துளிர்த்ததாகக் காணவில்லை. ஒருவர் திருமேனியைச் சுமந்து வழியிலேயே உயிர்நீத்தார். ஒருவர் ஏட்டைக் காத்துத் தோத்திரம் பாடினார். ஒருவர் தீர்த்தத்தின் மணத்தை அரை நூற்றாண்டு மறவாதிருந்தார். பெயர் தெரியாத குடியானவர்கள் நெல்லளந்தார்கள். இவர்களுள் முதல்வர் 1371ஐக் காணவில்லை. கண்டவர்களுள் பலர் 1383ஐக் கண்டிருக்கமாட்டார்கள். ஆயினும் ஒவ்வொருவரும் தம் பங்கு கைங்கரியத்தைச் செய்து அடுத்தவர் கையில் கொடுத்துச் சென்றனர். அடையவேண்டியது தப்பாது என்னும் உறுதியும் அதற்காக விரையும் நெஞ்சும் இப்படித் தலைமுறைகளுக்கிடையே பகிர்ந்துகொள்ளப்பட்டன.

சித்திரை ரேவதியில் தேர் நிலைபெயரும்போது வடம் பிடிப்பவர்களுக்கு இவ்வளவும் நினைவில் இருக்கவேண்டும் என்பதில்லை. தேர் நான்கு திருவீதியும் சுற்றி நிலைசேர்ந்தபின் வீதியோரத்தில் கட்டியிருக்கும் காணிக்கைப் பசுக்களும், குவித்த தானியமும் அதனை நினைவில் வைத்திருக்கின்றன.